"சீ ஷாண்டி"க்குத் தமிழில் என்ன சொல்வது: கப்பற்பாட்டா, ஏலப்பாட்டா, அம்பாவா?

வெண்மணல்

வணக்கம் நண்பர்களே. 19ஆம் நூற்றாண்டுப் பாய்மரக் கப்பல்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ்த் துணைத்தலைப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். கைக்கு வந்த முதல் வரைவு இயந்திர மொழிபெயர்ப்பு. அதில் "சீ ஷாண்டி" வருகிற இடமெல்லாம் "கடல் குடிசை" என்று இருக்கிறது. "மாலுமிகள் கயிற்றை இழுத்தபடி கடல் குடிசை பாடினார்கள்" என்று ஒரு வரி. ஷாண்டி என்பதற்குத் தகரக் குடிசை என்றும் பொருள் இருப்பதால் வந்த வினை.

குடிசையை எடுத்துவிட்டேன். அங்கே எதை வைப்பது என்றுதான் தெரியவில்லை. "கடல் பாட்டு" என்று போட்டுப் பார்த்தேன். ஆனால் படத்திலேயே ஒரு முதியவர், "நீங்கள் சொல்வது கடல் பாட்டு, அது ஷாண்டி இல்லை" என்று பேட்டி எடுப்பவரைத் திருத்துகிறார். அந்த வரியில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா? வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

பழஞ்சுவடி

அந்த முதியவர் சொன்னது சரி. கடலைப் பற்றிய பாட்டெல்லாம் ஷாண்டி ஆகிவிடாது. வேலை செய்யும்போது, அந்த வேலைக்காகவே பாடுவதுதான் ஷாண்டி. பாட்டில் கடல் என்ற சொல்லே வராவிட்டாலும் பரவாயில்லை. காதலியைப் பற்றி, சாராயத்தைப் பற்றி, கஞ்சத்தனமான கப்பல் முதலாளியைப் பற்றி என எதுவும் வரலாம். கயிற்றைப் பிடித்த இருபது கைகள் ஒரே நொடியில் இழுக்க வேண்டும், அதற்குத்தான் பாட்டு.

வேலை முடிந்து மாலையில் முன்தளத்தில் உட்கார்ந்து, புகைத்துக்கொண்டே பாடுவதற்கு வேறு பாட்டுகள் இருந்தன. கடற்போர்க் கதைகள், முழுகிய கப்பல்கள், பிரிந்த காதலர்கள் என்று நீளமான கதைப்பாட்டுகள். அவற்றை "ஃபோர்பிட்டர்" என்றார்கள். கப்பலின் முன்பகுதியில் கயிறு கட்டும் கட்டைகளுக்குப் பெயர் பிட்ஸ், அதன்மேல் உட்கார்ந்து பாடியதால் அந்தப் பெயர். உங்கள் முதியவர் "கடல் பாட்டு" என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

2021 ஜனவரியில் டிக்டாக்கில் உலகமே பாடிய "வெல்லர்மேன்" நினைவிருக்கும். ஸ்காட்லாந்தில் தபால்காரராக இருந்த நேதன் எவன்ஸ் பாடிப் போட்டது. எல்லாப் பத்திரிகைகளும் அதை ஷாண்டி என்றே எழுதின. அது நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்களைப் பற்றிய கதைப்பாட்டு. வெல்லர் சகோதரர்கள் 1831இல் ஒட்டாகோ கரையில் திமிங்கில நிலையம் அமைத்தவர்கள், அவர்களுடைய ஆள் சர்க்கரையும் தேயிலையும் ரம்மும் கொண்டுவருவான் என்று காத்திருக்கிற பாட்டு. ஒரு திமிங்கிலத்தோடு நாள்கணக்கில் போராடும் கதையைத் தொடக்கம் முதல் கடைசி வரை சொல்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அது ஷாண்டிக்குள் வராது. ஆனால் இன்று பொதுமக்கள் பேச்சில் ஷாண்டி என்றால் "மாலுமிகள் கூட்டமாகப் பாடும் எந்தப் பாட்டும்" என்று பொருள் விரிந்துவிட்டது. உங்கள் படம் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதியவர் திருத்துகிறார் என்றால் குறுகிய பொருளில்தான் இருக்கும்.

தனித்தமிழ் வேட்கை

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? "கப்பற்பாட்டு". கேட்ட உடனே புரியும்.

பழஞ்சுவடி

அதே சிக்கல்தான் ஐயா. கப்பலில் பாடுவதா, கப்பலைப் பற்றிப் பாடுவதா? முதியவர் திருத்துகிற அந்த வரியை "அது கடல் பாட்டு, கப்பற்பாட்டு இல்லை" என்று எழுதினால் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. வேலை என்ற கருத்து சொல்லுக்குள் எங்காவது இருக்க வேண்டும்.

கீழவைப்பார்

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். சரக்குக் கப்பலில் என்ஜின் பிரிவில் பதினாறு வருஷம் ஆச்சு. இப்போ கப்பலில் யாரும் பாடறதில்லை. கயிறு இழுக்க விஞ்ச், நங்கூரம் தூக்க விண்ட்லாஸ், எல்லாமே மோட்டார். அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசறதே கேக்காது.

எங்க தாத்தா தோணியில் தண்டல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்த்தோணி ஓட்டினவர். அவர் வாயில் வந்த சொல்லை வச்சுச் சொல்றேன். பாய் கட்டுற குறுக்குக் கட்டை பருமல். அதை மேல ஏத்துற கயிறு ஆஞ்சான். பெரிய பாயோட பருமலை ஆஞ்சான் போட்டு ஏத்தறது சாமானிய வேலை இல்லை. ஆளுக்கு ஒரு நேரம் இழுத்தா நகராது. ஒண்ணா இழுத்தா ஒரு முழம் ஏறும், அப்புறம் கையை மாத்திப் பிடிக்கணும், மறுபடி ஒரு இழுப்பு. அந்த மாத்திப் பிடிக்கிற இடைவெளிக்கும் சேர்த்துத்தான் பாட்டு வேணும். ஆங்கிலேயன் கப்பலிலும் இதே கதைதான்னு படிச்சிருக்கேன். பழஞ்சுவடி அண்ணன் அதை விவரமாச் சொன்னா நல்லா இருக்கும்.

சுருதிபேதம்

அவர் சொல்வதற்குள் நான் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சேர்ந்திசைக் குழு நடத்துகிறேன், இந்தப் பாட்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேலைக்கு ஏற்றபடி பாட்டின் எலும்புக்கூடே மாறுகிறது. அதுதான் இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம்.

கீழவைப்பார் சொன்ன ஆஞ்சான் வேலைக்கு உரிய வகை ஹேலியார்டு ஷாண்டி. தலைப்பாட்டுக்காரர் ஒருவர், ஷாண்டிமேன், தனியாக ஓர் அடி பாடுவார். அப்போது மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கையை முன்னால் மாற்றிப் பிடிப்பார்கள். அடுத்த அடி எல்லாரும் பாடுவது. அதில் இரண்டு சொல்லில் அழுத்தம், அந்த இரண்டு இடத்தில் இரண்டு இழுப்பு. மறுபடி தனி அடி, மறுபடி இரண்டு இழுப்பு. ஒரு கண்ணியில் நான்கு இழுப்பு ஆகிவிடும்.

பாயின் கீழ்முனைக் கயிற்றை இறுக்குவது சின்ன வேலை. சில இழுப்பில் முடிந்துவிடும், ஆனால் ஒவ்வொன்றும் முழு பலத்தோடு இருக்க வேண்டும். அதற்கான பாட்டில் பல்லவியின் கடைசிச் சொல்லில் மட்டும் ஒரே இழுப்பு. "ஹால் அவே ஜோ" என்ற பாட்டில் அந்த "ஜோ"வில் எல்லார் உடம்பும் பின்னால் சாயும்.

நங்கூரம் தூக்கும் கேப்ஸ்டன் வேறு. செங்குத்தான பெரிய உருளை, அதில் ஆரங்கள் மாதிரி கம்புகளைச் செருகி, நெஞ்சால் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார்கள். அங்கே வெட்டி இழுப்பது என்ற பேச்சே இல்லை, நடைதான். மணிக்கணக்கில் ஆகும். அதனால் பாட்டும் நடைக்கு ஏற்ற மாதிரி, நீளமான பல்லவியோடு, சில சமயம் உருக்கமாகவே இருக்கும். ஒழுகும் கப்பலில் பம்ப் அடிக்கும்போது பாடுவது இன்னொரு வகை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தளம் அதிர நடந்து போகும்போது பாடுவது இன்னொன்று. "ட்ரங்கன் செய்லர்" என்று எல்லாருக்கும் தெரிந்த பாட்டு அப்படிப்பட்ட நடைப்பாட்டுதான். அதற்குக் கூட்டம் வேண்டும், நிறைய ஆட்கள் உள்ள கப்பலில்தான் சரிவரும்.

நம் பக்கத்தில் இதை விளக்க ரொம்பத் தூரம் போக வேண்டாம். நின்றுபோன பஸ்ஸைத் தள்ளும்போது "ஏலேலோ" என்கிறபோது யாரும் தள்ளுவதில்லை. "ஐலசா"வில்தான் வண்டி நகரும்.

பழஞ்சுவடி

அருமை. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஷாண்டிக்கு நிலையான நீளம் கிடையாது. பருமல் உச்சிக்குப் போனதும் மேலாள் "பிலே!" என்று கத்துவார், கட்டு என்று பொருள். அந்த நொடியில் பாட்டு அறுந்துவிடும், அடியின் நடுவில் இருந்தாலும் சரி. வேலை நீண்டால் ஷாண்டிமேன் புதிதாகக் கண்ணி கட்டிச் சேர்த்துக்கொண்டே போவார், வேறு பாட்டிலிருந்து கடன் வாங்குவார், முன்னால் நிற்கிறவனைக் கிண்டல் செய்வார், சாப்பாட்டைத் திட்டுவார். நேருக்கு நேர் சொன்னால் தண்டனை கிடைக்கும் பேச்சைப் பாட்டில் வைத்துச் சொல்லிவிடலாம். பிற்காலத்தில் புத்தகங்களில் ஐந்து கண்ணி, ஆறு கண்ணி என்று அச்சானதைப் பார்த்துவிட்டு "இதுதான் பாட்டு" என்று நினைக்கிறோம். தொகுத்தவர் கேட்ட அன்று இருந்தது அவ்வளவுதான்.

நம் ஏற்றப்பாட்டுக் கதை இதற்கு அப்படியே பொருந்தும். "மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே" என்று ஏற்றக்காரன் பாடிவிட்டு, பாய்ச்சல் முடிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டானாம். கம்பர் அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் தவித்து, மறுநாள் விடியலில் அந்தக் கிணற்றுக்கே வந்து நின்றார் என்பார்கள். கதை உண்மையோ இல்லையோ, வேலைப்பாட்டு எங்கே முடியும் என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன கதை எனக்குத் தெரியாது. வயலுக்குத் தண்ணீர் போதும் என்றால் பாட்டும் போதும்.

வெண்மணல்

இதைப் படித்த பிறகு படத்தையே மறுபடி பார்த்தேன். ஒரு காட்சியில் பாட்டு சட்டென்று நின்றுவிடுகிறது, ஒலிப்பதிவில் கோளாறு என்று நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது.

அடுத்த கேள்வி. படத்தில் ஒரு பேராசிரியர் இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் அமெரிக்கத் துறைமுகங்களில் கறுப்பினத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது என்கிறார். எது சரி? எழுத்துக்கூட்டும் மாறி மாறி வருகிறது. சில இடத்தில் "ச" ஒலிக்கான எழுத்தில் தொடங்குகிறது, சில இடத்தில் "ஷ"வில்.

பழஞ்சுவடி

இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயத்தைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் சொல்லைப் பற்றி, மற்றவர் பாட்டைப் பற்றி.

முதலில் சொல். பிரெஞ்சில் "ஷான்தே" என்றால் பாடுங்கள். அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் கருத்து. ஆங்கிலத்தில் ஓதுவதைக் குறிக்கும் "சான்ட்" என்ற சொல்லிலிருந்து என்பாரும் உண்டு. கனடாக் காடுகளில் மரம் வெட்டுவோர் தங்கிய முகாமுக்குப் பிரெஞ்சில் "ஷான்தியே" என்று பெயர், குடிசையைக் குறிக்கும் ஷாண்டி அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த மரவெட்டிகளின் பாட்டோடும் இதை முடிச்சுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். எதுவும் முடிந்த முடிவு இல்லை.

கவனிக்க வேண்டியது காலம். ரிச்சர்ட் ஹென்றி டேனா என்பவர் 1834 முதல் 1836 வரை சாதாரண மாலுமியாகக் கப்பலில் வேலை பார்த்து, 1840இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். படைவீரனுக்குப் பறையும் குழலும் எப்படியோ அப்படித்தான் மாலுமிக்குப் பாட்டு என்று எழுதுகிறார். பாட்டு இல்லாவிட்டால் சேர்ந்து இழுக்கவே முடியாது என்கிறார். ஆனால் ஷாண்டி என்ற சொல்லை அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. 1850களின் நடுவில் சார்லஸ் நோர்டாஃப் எழுதியதில்தான் "சாண்டிமேன்" தலைகாட்டுகிறார். எங்கே தெரியுமா? கப்பல் தளத்தில் இல்லை. அமெரிக்கத் தெற்கில் மொபில் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளைக் கப்பலின் வயிற்றுக்குள் திணிக்கும் கூலியாட்களிடையே.

அந்த வேலை கொடுமையானது. பெரிய திருகுக் கருவிகளை வைத்து, இனி இடமே இல்லை என்று தோன்றும் இடத்திலும் பொதிகளை நெருக்கி நெருக்கி உள்ளே ஏற்றுவார்கள். தலைவன் ஓர் அடி பாடுவான், கூட்டம் பல்லவி பாடித் திருகைச் சுற்றும். கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைப்பாட்டில் கைதேர்ந்தவர்கள், அந்தத் துறைமுகங்களில் வெள்ளை மாலுமிகளும் குளிர்காலத்தில் அதே வேலைக்கு வந்தார்கள். கோடையில் கப்பலுக்குத் திரும்பும்போது பாட்டும் கூடவே போயிற்று. ஒருவர் எடுக்க மற்றவர் தொடுக்கும் அமைப்பிலும் பல மெட்டுகளிலும் அந்த உறவு தெளிவாகத் தெரிகிறது. மேற்கிந்தியத் தீவுத் துறைமுகங்களும் இதில் சேரும். ஆகவே உங்கள் இரண்டாவது ஆள் சொல்வதைத் தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள். ஷாண்டி என்றால் லிவர்பூல் தாடிக்காரர் என்ற படம் நம் மனதில் பதிந்திருக்கிறது. அந்தப் பாட்டின் பாதி உயிர் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள் கொடுத்தது.

எழுத்துக்கூட்டு வெறும் பழக்கம். 1914இல் செசில் ஷார்ப் வெளியிட்ட தொகுப்பில் பிரெஞ்சு உறவைக் காட்டும் எழுத்து. 1921இல் டெர்ரி வெளியிட்டதில் மாலுமிகள் உச்சரித்தபடி "ஷ". ஒலி இரண்டிலும் ஒன்றே. தமிழில் "ஷாண்டி" என்றே எழுதுங்கள். "சாண்டி" என்றால் அதிலிருந்து வேறெதற்கோ போய்விடுவார்கள்.

(ஒரு கிளைச் செய்தி: வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் "ஷாண்டி" என்ற ஒலியோடு இன்னொரு சொல் வரும். அது நம் சந்தை! வாரச்சந்தையை அப்படித்தான் எழுதினார்கள். பழைய மாவட்டக் கையேடுகளைப் படிப்பவர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம்.)

கீழவைப்பார்

போர்க்கப்பலில் பாடவிட மாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், உண்மையா?

பழஞ்சுவடி

உண்மை. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் வேலைநேரத்தில் பாடுவதற்கு அனுமதி இல்லை. கட்டளை காதில் விழ வேண்டும். பிடிலோ குழலோ வாசித்து நடையைச் சேர்த்தார்கள், ஊதுகுழலில் கட்டளை. அங்கே நூற்றுக்கணக்கான ஆட்கள் இருந்ததால் கட்டுப்படியாயிற்று. சரக்குக் கப்பலில் முதலாளி எவ்வளவு குறைந்த ஆளை வைத்து ஓட்டலாம் என்று பார்த்தார். 1815க்குப் பிறகு கடல் வணிகம் பெருகியது, கப்பல் பெரிதாயிற்று, ஆள் குறைந்தது. குறைந்த ஆளில் நிறைய வேலை வாங்கப் பாட்டு தேவைப்பட்டது. நல்ல ஷாண்டிமேன் பத்து ஆளுக்குச் சமம் என்ற பேச்சு மாலுமிகளிடையே இருந்தது.

பனங்கூடல்

வணக்கம். முல்லைத்தீவுக் கரை, இப்ப கனடாவில இருக்கிறன். இவ்வளவு பேர் எழுதியும் எங்கட சொல்லை ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை எண்டது ஆச்சரியமா இருக்கு. தலைப்பில மட்டும் கிடக்கு. அம்பா.

அம்மப்பா கரைவலைக்காரர். கரைவலை எண்டால், ஒரு பக்கத்துக் கயிற்றைக் கரையில விட்டிட்டு, தோணியில வலையை ஏத்திக்கொண்டு போய் கடலில வளைச்சு, மற்றப் பக்கத்துக் கயிற்றை எட்டத்தில கொண்டுவந்து கரை சேர்ப்பினம். பிறகு ரெண்டு பக்கமும் ஆக்கள் பிடிச்சு இழுக்கிறது. மணித்தியாலக் கணக்கில இழுப்பு. வலை கிட்டக் கிட்ட வர ரெண்டு பக்கத்து ஆக்களும் ஒருத்தருக்கு ஒருத்தர் கிட்ட நகர்ந்து வருவினம். கடைசியா மீன் நிண்ட மடி கரையில ஏறும்.

அந்த இழுப்புக்குப் பாடுறதுதான் அம்பா. ஒருத்தர் எடுத்துக் குடுப்பார், மற்ற ஆக்கள் "ஏலேலோ" எண்டு வாங்குவினம். தொடக்கத்தில ஆறுதலாப் போகும், மடி கிட்ட வர வர வேகம் கூடும். நான் சின்னப்பிள்ளையா வீட்டுக்குள்ள இருந்தே, அம்பா கேக்கிற வேகத்தை வைச்சு "மடி வந்திட்டுது" எண்டு அம்மம்மா சொல்லுவா. நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவம். சாமி பேர் வரும், மாதா வரும், முருகன் வரும், மச்சாள் வருவா, சம்மாட்டியைப் பற்றின நக்கலும் வரும். சம்மாட்டி எண்டால் வலை முதலாளி. அவர் அதிலயே நிண்டு கேட்டுக்கொண்டு இருப்பார், ஒண்டும் சொல்லமாட்டார். மேல பழஞ்சுவடி அண்ணை எழுதின அந்த விசயத்தை வாசிக்கேக்குள்ள எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இப்ப கன இடத்தில உழவு இயந்திரத்தில விஞ்ச் பூட்டி இழுக்கினம். அம்பா இல்லை.

சுருதிபேதம்

அக்கா, ஒரு கேள்வி. வேலை இல்லாத நேரத்தில், வீட்டில், கொண்டாட்டத்தில் அம்பா பாடுவார்களா?

பனங்கூடல்

அம்மப்பாவிட்டக் கேட்டுப் பாத்திருக்கிறன், "ஒருக்காப் பாடுங்கோ" எண்டு. "கயிறு இல்லாமல் என்னெண்டு பிள்ளை" எண்டுவார். கட்டாயப்படுத்தினால் ரெண்டு அடி சொல்லுவார், கையை மட்டும் இழுக்கிற மாதிரி வைச்சுக்கொண்டு.

பழஞ்சுவடி

இந்தப் பதிலுக்காகவே இந்தத் திரி தொடங்கியிருக்கலாம். பழைய ஷாண்டிமேன்களும் வேலைக்கு வெளியே பாடத் தயங்கினார்கள் என்று தொகுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அம்பாவுக்கு வேர் தேடினால் சங்க இலக்கியத்தில் "அம்பி" இருக்கிறது, படகு என்று பொருள். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. தாயை, அம்மனை விளிப்பது என்பவர்களும் உண்டு. பிரெஞ்சு "ஷான்தே"யைப் போலவே இதுவும் கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காக உறுதி சொல்லிவிடக் கூடாது. "ஏலேலோ"வுக்கும் ஒரு கதை உண்டல்லவா, வள்ளுவருக்கு நண்பரான ஏலேல சிங்கன் என்ற கப்பல் வணிகரின் பெயரைச் சொல்லித்தான் ஓடக்காரர்கள் துடுப்புப் போட்டார்கள் என்று. கதையாக வைத்துக்கொள்வோம்.

தனித்தமிழ் வேட்கை

பனங்கூடல் அம்மா எழுதியதைப் படித்த பிறகு கப்பற்பாட்டு என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் தமிழ்நாட்டில் பலருக்கு அம்பா தெரியாதே. "ஏலப்பாட்டு" அகராதியிலேயே இருக்கிறது, ஏலேலோ என்று ஓடக்காரர் பாடுவது. அதை எடுத்தால் என்ன?

வெண்மணல்

ஏலம் என்றால் இன்று எல்லாருக்கும் நகை ஏலம், நில ஏலம்தான் நினைவுக்கு வரும். திரையில் இரண்டு வினாடிதான் நிற்கும், பார்ப்பவர் "பாட்டை ஏலம் விடுகிறார்களா" என்று யோசிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். "இழுவைப்பாட்டு" என்று ஒன்று யோசித்தேன்.

கீழவைப்பார்

கேப்ஸ்டன் இழுக்கறது இல்லை சார், தள்ளறது. பம்ப் அடிக்கறதும் இழுவை இல்லை. பாதி ஷாண்டி வெளியே நிக்கும்.

வளைகுடாக் காற்று

தாமதமாக வருகிறேன். பஹ்ரைனில் இருக்கிறேன். இங்கே முத்துக்குளிக்கும் கப்பல்களில் பாடியதற்கு "ஃபிஜிரி" என்று பெயர். தலைப்பாட்டுக்காரருக்குத் தனிப் பெயர் உண்டு, "நஹ்ஹாம்". துடுப்புப் போட, பாய் ஏற்ற, நங்கூரம் தூக்க என்று தனித்தனியாகப் பாட்டு வைத்திருந்தார்கள். முஹர்ரக்கில் ஒருமுறை நேரில் கேட்டேன். கூட்டம் அடிவயிற்றிலிருந்து ஒரே சுருதியில் முழங்க, அதன்மேல் நஹ்ஹாமின் குரல் தனியாக ஏறுகிறது. மண்பானையில் தட்டுகிறார்கள், கை தட்டுகிறார்கள். முத்துத் தொழில் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பாட்டை விடவில்லை. 2021இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதை யாரும் ஷாண்டி என்று மொழிபெயர்த்து எழுதவில்லை, ஃபிஜிரி என்றே எழுதுகிறார்கள். அதேபோல் ஷாண்டியையும் ஷாண்டி என்றே விடலாமே?

பழஞ்சுவடி

நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். லிவர்பூல் மாலுமி பாடியதற்கு அம்பா என்று பெயர் வைத்தால் அது முல்லைத்தீவுக் கரையைக் கொண்டுபோய் அட்லான்டிக்கில் வைத்த மாதிரி. அம்பாவுக்கும் நியாயம் இல்லை, ஷாண்டிக்கும் நியாயம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மாலுமிப் பாட்டுகளை ஏற்றும் பாட்டு, சுற்றும் பாட்டு, துடுப்புப் பாட்டு என்று வேலையை வைத்தே பிரித்துச் சொல்கிறார்கள். நாமும் அப்படித்தான். நெல் குற்றினால் வள்ளைப்பாட்டு, நீர் இறைத்தால் ஏற்றப்பாட்டு. பாரதி குயில்பாட்டில் தன் மனதைப் பறிகொடுத்த ஓசைகளைச் சொல்லும்போது ஏற்றநீர்ப் பாட்டு, நெல் இடிப்போர் பாட்டு, சுண்ணம் இடிப்போர் பாட்டு என்றுதான் எண்ணிக்கொண்டு போகிறார். ஆகவே வகைகளுக்குத் தமிழில் வேலையின் பெயரை வையுங்கள்: பாயேற்றும் பாட்டு, நங்கூரப் பாட்டு, பம்ப் பாட்டு. மொத்தத்துக்கும் ஷாண்டி.

பனங்கூடல்

ஒரு பக்கம் சரிதான் அண்ணை. ஆனா அமெரிக்காவில வட கரோலினாவில மென்ஹேடன் எண்ட மீனுக்கு வலை இழுத்த கறுப்பின மீனவர்களும் பாடினவை. அவையின்ர பாட்டை ஷாண்டி எண்டுதான் அங்க எழுதுகினம். 1950களில வலை இழுக்கிற யந்திரம் வந்தோடன அது நிண்டுபோச்சு. பிறகு 1980களின்ர கடைசியில வேலையை விட்டு ஓய்ஞ்ச ஆக்கள் சேந்து மேடையில பாடத் தொடங்கினவை. அந்தப் பதிவை நான் கேட்டனான். ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா வலை எந்த இடத்தில வருகுது எண்டு எனக்கு விளங்கிச்சுது. அப்ப வலை இழுக்கிற பாட்டு அங்க ஷாண்டி ஆகலாமெண்டால், அம்பா எண்ட சொல்லுக்கும் எங்கட கரையைத் தாண்டிப் போக உரிமை இருக்குத்தானே?

சுருதிபேதம்

இருக்கிறது அக்கா. எல்லா இடத்திலும் அம்பா போட வேண்டாம், அது தனக்கு உரிய இடத்தில் வரட்டும் என்று தோன்றுகிறது.

வெண்மணல், படத்தில் ஸ்டேன் ஹ்யூகில் வருகிறாரா? 1906இல் பிறந்தவர். பிரிட்டனின் கடைசிச் சரக்குப் பாய்மரக் கப்பல்களில் ஒன்றான கார்த்பூலில் ஷாண்டிமேனாக இருந்தார், அது 1929இல் கேப் வெர்டே தீவுகளுக்கு அருகே உடைந்தபோதும் அதில் இருந்தார். பிறகு 1961இல் தான் பாடியதையும் தன்னோடு வேலை செய்த பல நாட்டு மாலுமிகளிடம் கேட்டதையும் பெரிய தொகுப்பாகப் போட்டார். ஏட்டறிவு அல்ல, கயிறு பிடித்த கை எழுதியது. அச்சேற முடியாத ஆபாச வரிகளை மட்டும் அவரே மாற்றி எழுத வேண்டியிருந்தது. அவர் பேசும் இடம் இருந்தால் மாலுமிப் பேச்சாகவே எழுதுங்கள், மேடைத் தமிழ் வேண்டாம்.

வெண்மணல்

வருகிறார், மூன்று நிமிடம்.

எல்லாரும் எழுதியதை வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். தவறு இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

முதல் தடவை வரும்போது: "ஷாண்டி, கப்பல் வேலைப்பாட்டு". அதன்பிறகு எங்கும் ஷாண்டி மட்டும்.

மேலாள் தளத்தில் கத்துகிற இடம், மூலத்தில் "யாராவது ஒரு ஷாண்டி தொடங்குங்கள்" என்று வருவது: "எவனாச்சும் பாட்டெடுங்கடா!" அந்த நேரத்தில் எந்த மாலுமியும் பாட்டின் வகையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான்.

முதியவர் திருத்துகிற இடம்: "அது கடல் பாட்டு, உக்காந்து பாடறது. ஷாண்டி கயிறு பிடிக்கிறதுக்கு." கேப்ஸ்டன் தள்ளுவது என்று கீழவைப்பார் சொன்னது நினைவில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் திரையில் அவர் கை கயிற்றில்தான் இருக்கிறது.

பஞ்சுப் பொதி பகுதியில் ஒரு வரியையும் சுருக்கவில்லை. எழுத்தளவு மீறியது, அதனால் அதற்கு முந்தைய வரியைக் குறைத்தேன்.

கடைசியில் படத்தின் பின்னணிக் குரல், கடலில் பிழைக்கிற எந்த மக்களிடமும் தங்களுடைய ஷாண்டி இருந்தது என்று பொதுவாகச் சொல்கிறது. அங்கே ஷாண்டியை எடுத்துவிட்டேன். "கடலில் பிழைத்த மக்கள் எல்லாரிடமும் ஓர் அம்பா இருந்தது."

கீழவைப்பார்

"பிலே" வர்ற இடத்துல என்ன போட்டீங்க?

வெண்மணல்

"கட்டு!"

கீழவைப்பார்

சரி. எங்க தாத்தாவும் அதான் சொல்வார்.

பனங்கூடல்

அந்தக் கடைசி வரிக்கு நன்றி தம்பி. ஒண்டு மட்டும். அச்சுப் பிழை திருத்துற ஆக்கள் அம்பாவை "அம்பாள்" எண்டு மாத்திப்போடுவினம், முந்தி ஒரு மலரில அப்பிடி நடந்தது. குடுக்க முந்தி ஒருக்காப் பாருங்கோ.